அத்தியாயம் 5: மிடி கீபோர்டு வாங்கும் முன்

பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ குடியிருப்பவர் வீட்டில் மைக் வைத்துப் பாட்டுப் பதிவு செய்ய உட்கார்ந்தால், பாட்டுக்கு முன்னால் விசைத்தறிச் சத்தம் பதிவாகிவிடும். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளின் தட்டல். ஆடி பிறந்துவிட்டால் எல்லா ஊரிலும் ஒலிபெருக்கி. சுவரில் நுரை அட்டை ஒட்டி இதையெல்லாம் தடுத்துவிடலாம் என்று நம்பிப் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். நுரை அட்டை அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். வெளியிலிருந்து வரும் தறிச்சத்தத்தை நிறுத்தாது. அதனால்தான் இந்த வட்டாரத்தில் வீட்டு ஸ்டுடியோ தொடங்க நினைக்கிறவர்களிடம், மைக்குக்கு முன்பே மிடி கீபோர்டை வாங்கிவிடுங்கள் என்கிறேன். அதற்குக் காது கிடையாது. பக்கத்துக் குடோனில் இருபத்துநான்கு மணி நேரமும் தறி ஓடினாலும் அது கணினிக்கு அனுப்புவதில் ஒரு இரைச்சலும் கலக்காது.

அது அனுப்புவது எண்களை மட்டுமே. எந்தக் கீயைத் தொட்டீர்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விரலை எடுத்தீர்கள், அவ்வளவுதான். ஒலி கணினிக்குள் இருக்கும் மென்பொருளில் பிறக்கிறது. ஆகவே தனக்கென ஒலி இல்லாத மிடி கன்ட்ரோலர் வகைக் கீபோர்டை வாங்கி வந்து சொருகி அழுத்தினால் அது மௌனமாகவே இருக்கும். பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். இதில் ஒரு பெரிய வசதியும் உண்டு. இன்று புல்லாங்குழலாக வாசித்ததை நாளை வயலினாக மாற்றலாம். தப்பிய ஒரு சுரத்தை மட்டும் இழுத்துச் சரிசெய்யலாம். பாடுகிறவர் வந்து அரைக்கட்டை ஏற்றச் சொன்னால் மறுபடி வாசிக்காமலே ஏற்றிக்கொள்ளலாம்.

மிடி என்னும் இந்த எண் மொழி புதியதல்ல. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் ப்ராஃபெட் 600 கருவியையும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர் 6 கருவியையும் ஒரே கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றொன்றும் பேசியது. போட்டி நிறுவனங்கள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட பொது ஏற்பாடு அது. அதற்காக சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷிக்கும் 2013-இல் தொழில்நுட்ப கிராமி விருது தந்தார்கள். அந்த ஏற்பாடு இன்றும் அப்படியே செல்லும் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. இருபது வருடப் பழைய கீபோர்டு ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் அது உங்கள் புது லேப்டாப்போடு பேசும். பின்பக்கம் ஐந்து முனை வட்டச் சொருகி மட்டும் இருந்தால் அதை யுஎஸ்பியாக மாற்றும் சிறு கம்பி தேவைப்படும்.

சேலத்துக்காரர்களுக்கு இந்த மாற்றத்தின் அளவு சட்டென்று புரியும். ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய நிறுவனம். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-இல் அங்கிருந்து வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு பாட்டுக்கு வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும், எல்லோரும் சேர்ந்து தப்பில்லாமல் வாசித்து முடிக்க வேண்டும். 1992-இல் ‘ரோஜா’ வந்தபோது ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு ஒட்டிய ஸ்டுடியோவில் கீபோர்டும் கணினியும் வைத்து அதன் இசையை அடுக்கியிருந்தார். இன்று அந்த வேலையின் அடிப்படைக் கருவி பத்தாயிரம் ரூபாயை ஒட்டி ராசிபுரத்தில் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது. எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

வீட்டில் இருப்பதை முதலில் பாருங்கள்

பையனோ பெண்ணோ கீபோர்டு வகுப்புக்குப் போன வீடுகளில் யமஹாவோ கேசியோவோ ஒன்று பரண்மேல் இருக்கும். புதிதாக வாங்குவதற்கு முன் அதை இறக்கித் துடைத்துப் பின்பக்கம் பாருங்கள். ‘யுஎஸ்பி டு ஹோஸ்ட்’ என்று எழுதிய சதுரத் துளை இருந்தால் அதுவே மிடி கீபோர்டுதான். பிரின்டருக்குப் போடும் அதே கம்பி பொருந்தும். யமஹாவின் பிஎஸ்ஆர்-இ273, இ373 இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். 273-இல் இந்தத் துளை இல்லை, 373-இல் உண்டு. 373-இல் விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையவும் செய்யும், 273-இல் அது கிடையாது. கோயில் பஜனைக் குழுவும் சர்ச்சும் புதியது வாங்கும்போது கழித்துவிடும் கீபோர்டுகளையும் இதே கண்ணோடு பாருங்கள்.

துளை இருந்தால் ஆறு மாதம் அதிலேயே வேலை செய்யுங்கள். எது போதவில்லை என்று உங்கள் கையே சொல்லும். பெரும்பாலும் அது சொல்லப்போகும் குறை ஒன்றுதான்: 373 போன்ற மாடல்களில் சுரத்தை வளைக்கும் சக்கரம் கிடையாது.

வகுப்புக்குப் போகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. டிரினிட்டி மாதிரியான எலெக்ட்ரானிக் கீபோர்டு கிரேடு தேர்வுக்குக் கருவியிலேயே ஒலிகளும் தாள ஸ்டைல்களும் இருக்க வேண்டும். மிடி கன்ட்ரோலர் அதற்கு உதவாது. அந்தத் தேவை இருந்தால் யுஎஸ்பி துளை உள்ள சாதாரண கீபோர்டை வாங்குங்கள். படிப்புக்கும் ஆகும், ஸ்டுடியோவுக்கும் ஆகும்.

இடதுகைப் பக்கம்

விற்பனை விளம்பரங்களில் கீகளின் எண்ணிக்கை முதலில் வரும். அடுத்து ஒளிரும் பேட்கள், திருகுகள், கூடவே கிடைக்கும் மென்பொருள்கள். பிட்ச் பெண்ட் சக்கரம் கடைசி வரியில் ஒரு மூலையில் இருக்கும். தமிழ்ப் பாட்டு வாசிக்கப் போகிறவர் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

காரணம் நம் இசையிலேயே இருக்கிறது. கீபோர்டில் ஒரு கீக்கும் அடுத்த கீக்கும் நடுவில் எதுவும் இல்லை. நம் பாட்டு வாழ்வது அந்த நடுவில்தான். இதே காரணத்தால்தான் ஆர்மோனியத்தின்மேல் அவ்வளவு கோபம் எழுந்தது. கமகம் வராத வாத்தியம் என்று 1940-இல் அகில இந்திய வானொலி அதை ஒதுக்கி வைத்தது, 1971-இல்தான் தடை தளர்ந்தது. தெருக்கூத்து மேடையில் ஆர்மோனியம் தடையில்லாமல் வாழ்ந்ததற்குக் காரணம், பக்கத்தில் முகவீணை இருந்தது. வளைவுகளை அது பார்த்துக்கொண்டது. கீபோர்டுக்கு அந்த முகவீணை வேலையைச் செய்வது இடதுகைச் சக்கரம். கர்நாடகக் கச்சேரியையே கீபோர்டில் வாசித்துப் பெயர் பெற்ற கே. சத்தியநாராயணன் வாசிக்கும் காணொளிகளைப் பாருங்கள். வலதுகையை விட்டுவிட்டு இடதுகையை மட்டும் கவனியுங்கள். ராகம் அங்கேதான் உருவாகிறது.

இதன் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணமாக எல்லா மென்பொருள் வாத்தியங்களிலும் சக்கரத்தை முழுதாகத் தள்ளினால் சுரம் இரண்டு அரைச்சுரம் ஏறும், முழுதாக இழுத்தால் இரண்டு இறங்கும். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது கீழே ரிஷபத்துக்கும் மேலே மத்யமத்துக்கும் நடுவில் அசைகிறது. ‘சி’யை ஷட்ஜமாக வைத்தால் அந்த ரிஷபம் காந்தாரத்துக்கு இரண்டு அரைச்சுரம் கீழே, மத்யமம் இரண்டு அரைச்சுரம் மேலே. சக்கரம் தரும் வீச்சு அந்த அசைவுக்குச் சரியாகப் போதும். ஆகவே வீச்சை மாற்றாமல் முதலில் பழகுங்கள். நாதஸ்வரத்தின் நீண்ட ஜாரு, அதாவது சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வது, வேண்டுமானால் மென்பொருளில் வீச்சை ஐந்தோ ஏழோ ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் வீச்சு கூடக்கூடச் சக்கரத்தின் சிறு அசைவும் சுரத்தை வெகுதூரம் தூக்கிப்போகும், சுருதி நிற்காது.

வளைக்கும் உறுப்பு நான்கு விதமாக வருகிறது. உருளும் சக்கரம் முதல் வகை. ஸ்பிரிங் அதை நடுவுக்குத் திருப்பும், விரலுக்கு எதிர்விசை தெரியும், எவ்வளவு தள்ளியிருக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்க்காமலே உணரலாம். கமகத்துக்கு இதுதான் உகந்தது. இரண்டாவது, சிறு ஜாய்ஸ்டிக். பக்கவாட்டில் தள்ளினால் சுரம் வளையும், மேலே தள்ளினால் மாடுலேஷன் வரும். இரண்டும் ஒரே குச்சியில் இருப்பதால் கை கொஞ்சம் சாய்ந்தாலும் வேண்டாத அதிர்வு கலந்துவிடும். மாடுலேஷனை மென்பொருளில் அணைத்துவிட்டால் சமாளிக்கலாம். மூன்றாவது தொடுபட்டை. விரலை வழுக்கினால் சுரம் வழுக்கும். ஜாருவுக்கு நன்றாகவே இருக்கும், வேகமான அசைவில் நடு எங்கே என்று விரலுக்குத் தெரியாது. நான்காவது வெறும் பொத்தான். அழுத்தினால் ஏறும், விட்டால் இறங்கும். கமகத்துக்கு அது எந்த வகையிலும் ஆகாது.

இன்னொன்று. சக்கரத்தைத் திருப்பினால் அந்த ட்ராக்கில் அப்போது ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்தே வளையும். இடதுகையில் கார்டு பிடித்துக்கொண்டே வலதுகையில் மெலடியை வளைக்க முடியாது, அதற்குக் கையும் இல்லை. கார்டை ஒரு ட்ராக்கில் முதலில் வாசித்து வைத்துவிட்டு, மெலடியை இன்னொரு ட்ராக்கில் தனியாக வாசியுங்கள். ஒவ்வொரு விரலின் சுரத்தையும் தனித்தனியே வளைக்கும் எம்.பி.இ. வகைக் கீபோர்டுகளும் இருக்கின்றன. அவற்றின் விலை இந்த நூலின் எல்லைக்கு வெளியே.

எத்தனை கீ?

மேசையை அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். முழு அளவு வெள்ளைக் கீ ஒன்றின் அகலம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெள்ளைக் கீகளை மட்டும் எண்ணினால் 25 கீயின் வரிசை 35 சென்டிமீட்டர் வரும், 49 கீ 68, 61 கீ 85. இடதுபக்கத்தில் சக்கரத்துக்கும் ஓரத்துக்கும் இன்னும் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பும் கீபோர்டும் ஒரே மேசையில் உட்காரவேண்டுமானால் 49-க்கு மேல் போகாதீர்கள்.

என் கருத்து, இடம் இருந்தால் முழு அளவுக் கீயோடு 49. இரண்டு ஸ்தாயி மெலடிக்கும் கீழே பேஸ் வாசிக்கவும் இடம் இருக்கும். 25-இல் வாசிக்க முடியாதா என்றால், முடியும். ஆக்டேவ் பொத்தானை அழுத்தி மேலே கீழே போய்க்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். சினிமாப் பாட்டின் பல்லவி பெரும்பாலும் ஒன்றரை ஸ்தாயிக்குள் அடங்கிவிடும். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கும், தாளமும் பேஸும் மட்டும் போடுகிறவர்களுக்கும் 25 போதும். ஆனால் மினி கீயா முழு அளவா என்பது வேறு கேள்வி. முழு அளவில் பழகிய விரல் மினி கீயில் பக்கத்துக் கீயைத் தொட்டுக்கொண்டே இருக்கும். வெயிட்டட் கீ, 88 கீ என்பதெல்லாம் பியானோ வாசிக்கப் பழகியவர்களுக்கு. மற்றவர்கள் அந்தப் பணத்தை ஹெட்ஃபோனில் போடலாம்.

விரல் வேகம், பஞ்சுத் தூசி

ஒவ்வொரு கீக்கும் அடியில் ரப்பரில் பதித்த இரண்டு கார்பன் புள்ளிகள் இருக்கும். கீ இறங்கும்போது ஒன்று முதலில் தொடும், மற்றொன்று ஒரு நொடியின் மிகச் சிறு பகுதி கழித்துத் தொடும். அந்த இடைவெளியை அளந்துதான் எவ்வளவு வேகமாக அடித்தீர்கள் என்பதை 1 முதல் 127 வரை ஒரு எண்ணாக அனுப்புகிறது. வெலாசிட்டி என்பது இதுதான். இது இல்லாத கீபோர்டில் வாசித்தால் எல்லாச் சுரமும் ஒரே சத்தத்தில் வரும், பாட்டுக்கு உயிர் இருக்காது. இப்போது கன்ட்ரோலர் என்று விற்பவை எல்லாவற்றிலும் இது இருக்கிறது. விலை குறைந்த பழைய வீட்டுக் கீபோர்டுகளில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அந்த இரண்டு புள்ளிகளின் நடுவில் தூசி புகுந்தால் அளவு தப்பும். மெல்லத் தொட்ட சுரம் 127-இல் அலறும், அல்லது அந்தக் கீ ஊமையாகிவிடும். தறி ஓடும் ஊர்களில் பஞ்சுத் துகள் காற்றில் மிதந்துகொண்டே இருக்கிறது. கோழித்தீவன ஆலைப் பக்கம் மாவுத் தூசி. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் போர்த்தும் பழக்கம் ஒன்றே கீபோர்டின் ஆயுளைப் பல வருடம் நீட்டும். ஊதுபத்தியும் விளக்கும் வைக்கும் அலமாரிக்கு அடியில் கீபோர்டை வைக்காதீர்கள்.

பேட்களைப் பற்றி. இந்தப் பக்கத்துக் கோயில் பாட்டுக்குப் பம்பையும் உடுக்கையும் வேண்டும், துக்கத்துக்கும் திருவிழாவுக்கும் பறை வேண்டும். மென்பொருள்களில் கிடைக்கும் இந்தியத் தாள ஒலிகளில் தபலாவும் டோலக்கும் நிறைய, பம்பை அரிது. வெளிநாட்டு டிரம் ஒலியை வைத்துப் பம்பை மாதிரி ஒப்பேற்றாதீர்கள். தறி நிற்கும் ஒரு நாளில், இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில், பம்பைக் கலைஞர் ஒருவரை அழைத்து ஒவ்வொரு அடியையும் மெதுவாகவும் பலமாகவும் தனித்தனியே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். டீசன்ட் சாம்ப்ளர் போன்ற இலவச மென்பொருளில் அவற்றைப் பேட்களில் ஏற்றிக்கொள்ளலாம். அந்த ஒலி இனி உங்கள் எல்லாப் பாட்டிலும் உழைக்கப் போகிறது என்பதை அவரிடம் முன்பே சொல்லி, அதற்குரிய சம்பளத்தைக் கொடுங்கள். இப்படிச் செய்வதாக இருந்தால் எட்டு பேட் உள்ள மாடல் உங்களுக்குப் பொருளுள்ளது. இல்லையென்றால் கீகளிலேயே தாளம் தட்டலாம். திருகுகளும் ஃபேடர்களும் வசதிக்குத்தான். மௌஸ் அந்த வேலையைச் செய்துவிடும்.

சஸ்டெயின் பெடல் சொருகும் துளை மட்டும் கட்டாயம் இருக்கட்டும். பெடல் பெட்டியோடு வராது, தனியாக வாங்க வேண்டும். மிதித்தால் நின்று விட்டால் நீள்கிறது என்று தலைகீழாக வேலை செய்தால், காலை எடுத்துவிட்டுக் கீபோர்டைக் கழற்றி மறுபடி சொருகுங்கள். பெரும்பாலான மாடல்கள் சொருகும் நேரத்தில் பெடலின் நிலையைப் பார்த்துத் தம்மைச் சரிசெய்துகொள்ளும்.

கட்டை

பாடுகிறவர் ஐந்து கட்டை என்றால் ‘ஜி’. நாலரை என்றால் ‘எஃப் ஷார்ப்’, ஐந்தரை என்றால் ‘ஜி ஷார்ப்’. ஒன்று ‘சி’, இரண்டு ‘டி’, மூன்று ‘ஈ’, நான்கு ‘எஃப்’, ஆறு ‘ஏ’, ஏழு ‘பி’ என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நாதஸ்வரம் இரண்டு, இரண்டரைக் கட்டையை ஒட்டி இருக்கும். ‘சி’யில் மட்டும் விரல் பழகியவருக்கு டிரான்ஸ்போஸ் பொத்தான்தான் துணை: ‘சி’யில் வாசித்துக்கொண்டே ‘ஜி’யில் ஒலிக்க வைக்கலாம். வாங்கும் மாடலில் இதற்குத் தனிப் பொத்தான் இருக்கிறதா, இரண்டு மூன்று பொத்தானைச் சேர்த்து அழுத்த வேண்டுமா என்று பாருங்கள். பாடகர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது.

எதை வாங்குவது

விலை டாலரோடு சேர்ந்து ஏறி இறங்கும், ஆகவே தோராயமாகவே சொல்கிறேன். 25 மினி கீ வகைகள் ஏழாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை. முழு அளவு 49 கீ வகைகள் ஒன்பதாயிரத்திலிருந்து பதினான்காயிரம் வரை. இரண்டுக்கும் வித்தியாசம் இவ்வளவுதான் என்பதைக் கவனியுங்கள்.

எம்-ஆடியோ கீஸ்டேஷன் 49: முழு அளவுக் கீ, இரண்டு சக்கரம், பெடல் துளை. பேட் இல்லை, ஒளிரும் விளக்குகள் இல்லை. மெலடி வாசிக்கிறவருக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். நெக்டார் எஸ்இ49 இதே குணமுள்ள மற்றொரு மாடல். தாளமும் சேர்த்து வேண்டும் என்பவருக்கு அலெசிஸ் வி49: சக்கரம், முழு அளவுக் கீ, எட்டு பேட், நான்கு திருகு. இடமில்லாதவருக்கு அதன் தம்பி வி25. அதிலும் முழு அளவுக் கீயும் சக்கரமும் உண்டு. அலெசிஸ் கீகள் கொஞ்சம் கடினமாக இருக்கின்றன என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கடைகளில் அதிகம் விற்கும் அகாய் எம்பிகே மினியின் மூன்றாம் தலைமுறை, தாளம் போடுகிறவர்களுக்கு நல்ல கருவி. பேட்கள் அருமையானவை. ஆனால் அதில் இருப்பது ஜாய்ஸ்டிக். ஆர்ட்டூரியா மினிலேப் 3, நோவேஷன் லாஞ்ச்கீ மினி இரண்டிலும் தொடுபட்டை. மினிலேபில் பழைய ஐந்து முனை மிடி அவுட் துளையும் இருப்பதால், கணினி இல்லாமல் பழைய சின்தசைசரை ஓட்ட நினைப்பவருக்கு அது பயன்படும். இவை இரண்டோடும் ஏபிள்டன் லைவ் லைட் மென்பொருள் சேர்ந்து வரும். அகாய் எல்பிகே25-இல் வளைக்கும் உறுப்பே இல்லை, கோர்க் நானோகீ2-இல் வெறும் பொத்தான்; இரண்டும் பயணத்தில் மெட்டுக் குறித்து வைக்க மட்டுமே. மாடல்கள் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். பெயரை நம்பாமல் படத்தைப் பெரிதாக்கி இடது ஓரத்தைப் பாருங்கள்.

கணினி, மின்சாரம்

கீயை அழுத்தியதற்கும் ஒலி வருவதற்கும் நடுவில் தாமதம் தெரிந்தால் கீபோர்டைக் குறை சொல்லாதீர்கள். அது கணினியின் ஒலிப் பக்கத்து வேலை. மென்பொருளில் பஃபர் என்று ஒரு எண் இருக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 என்றால் 23 மில்லிநொடித் தாமதம், விரலுக்கு நன்றாகத் தெரியும். 256 என்றால் ஆறுக்கும் குறைவு, தெரியாது. வாசிக்கும்போது 256 அல்லது 128, கலவை செய்யும்போது 1024 என்று மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கும்வரை ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவர் கைகொடுக்கும். ப்ளூடூத் ஹெட்ஃபோனை வாசிக்கும்போது பயன்படுத்தவே கூடாது. அதன் தாமதத்தை எந்தப் பஃபரும் சரிசெய்யாது. மென்பொருளுக்கு, ஆப்பிள் வைத்திருப்பவருக்கு கராஜ்பேண்ட் இலவசம்; மற்றவர்கள் ரீப்பரை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம். லேப்டாப் இல்லாதவர் ஓடிஜி கம்பி போட்டு ஆண்ட்ராய்டு போனில் எஃப்எல் ஸ்டுடியோ மொபைலோடு தொடங்கலாம்.

மேலே சொன்ன கன்ட்ரோலர் மாடல்கள் எல்லாம் யுஎஸ்பி கம்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், தனி அடாப்டர் தேவையில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்சாரம் நிறுத்தப்படும் நாளிலும் லேப்டாப் பேட்டரி இருக்கும்வரை வாசிக்கலாம். அன்று தறியும் நிற்கும். பாடகரை அழைத்து மைக் பதிவு செய்யத் தோதான நாளும் அதுதான். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வந்து, லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிட்டால், வீட்டு எர்த் சரியில்லாமல் இருக்கலாம். லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் லேசாகச் சுரீரென்பதும் இதனாலேயே இருக்கலாம். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். இதை இசைக்காக மட்டும் சொல்லவில்லை, உயிருக்காகவும் சொல்கிறேன்.

கையில் வாங்கும்போது

முடிந்தால் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். சேலத்துக் கடைகளில் வீட்டுக் கீபோர்டுகள் தாராளமாக இருக்கும், கன்ட்ரோலர் வகைகள் குறைவாகவே காட்சிக்கு இருக்கும். பெங்களூரு 200 கிலோமீட்டர்தான், காலையில் போய் இரவு திரும்பலாம். சென்னைக்கு வேறு வேலையாகப் போகிறவர் அண்ணா சாலையில் 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் கைவைத்துப் பார்த்துவிட்டு வரலாம். கடையில் மாயாமாளவகௌளையின் சரளி வரிசையை மெதுவாக வாசியுங்கள். ‘சி’, ‘டி ஃப்ளாட்’, ‘ஈ’, ‘எஃப்’, ‘ஜி’, ‘ஏ ஃப்ளாட்’, ‘பி’. கறுப்பும் வெள்ளையும் கலந்து வருவதால் விரலுக்கு இடைவெளி போதுமா என்பது உடனே தெரியும். பிறகு ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெல்ல ஆட்டிப் பாருங்கள்.

இணையத்தில் வாங்கினால், பெட்டியைப் பிரிப்பதிலிருந்து முடியும்வரை போனில் வெட்டாமல் காணொளி எடுங்கள். திருப்பித் தரும் கெடு எத்தனை நாள் என்று வாங்கும் முன்பே பாருங்கள், வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதையும்தான். பில் வேண்டும். பெட்டியையும் தெர்மாகோலையும் கெடு முடியும்வரை பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள்.

வந்த அன்றே சோதனையை முடியுங்கள். மிடி-ஆக்ஸ் போன்ற இலவச மென்பொருளைத் திறந்தால் கீபோர்டு அனுப்பும் எண்கள் திரையில் வரிசையாக ஓடும். இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கீயையும் ஒரே அழுத்தத்தில் தட்டுங்கள். பக்கத்துக் கீகள் 60, 64, 58 என்று வரும்போது ஒன்று மட்டும் 110-க்குத் தாவினால் அந்தக் கீ சரியில்லை. ஒருமுறை தட்டியதற்கு இரண்டு வரி வந்தாலும் சரியில்லை. பழையதாக வாங்கும்போது விற்கிறவர் வீட்டிலேயே இதைச் செய்யுங்கள். லேப்டாப்பை எடுத்துப் போவதில் கூச்சம் வேண்டாம். கடைசியாகச் சக்கரம். முழுதாகத் தள்ளி விடுங்கள், முழுதாக இழுத்து விடுங்கள், பாதியில் விடுங்கள். ஒவ்வொரு முறையும் அது நடு எண்ணான 8192-க்கு, மென்பொருள் பூஜ்யத்தை நடுவாகக் காட்டுவதானால் பூஜ்யத்துக்கு, தானாகத் திரும்ப வேண்டும். சற்று மேலேயோ கீழேயோ நின்றுவிட்டால் நீங்கள் வாசிக்கும் ஒவ்வொரு பாட்டும் சுருதி விலகியே ஒலிக்கும். அப்படிப்பட்ட கருவியை அன்றே திருப்பி அனுப்புங்கள்.